அப்பா நிமிர்ந்ததும் என் துவாய் போனதும்

கரைவலை இழுக்கிற இடத்தில் கயிற்றில் கை வைக்காமல், தண்ணீரில் இறங்காமல், எல்லாரையும் ஏவிக்கொண்டு நிற்கிற ஒரே ஒரு ஆள் உண்டு. அவர் கையில் ஒரு துவாய், தோளில் போடுகிற துண்டு, இருக்கும். தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும் வடக்குக் கயிற்றை ஒரு கூட்டமும் தெற்குக் கயிற்றை இன்னொரு கூட்டமும் இழுக்கும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் தூரம் அதிகம், காற்றில் குரல் எடுபடாது. அதனால் நடு மணலில் நிற்கிறவர் துவாயை வீசித்தான் சொல்ல வேண்டும். வடக்கு நில், தெற்கு இழு, இப்போது இரண்டும் சேர்ந்து வா. ஒரு பக்கம் முந்தினால் வலை சரிந்துவிடும். வலையின் பையான மடிக்குள் வந்த மீன் மற்றப் பக்கத்தால் சிரித்துக்கொண்டு போய்விடும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரே அந்த நேரத்தில் துவாய்க்காரருக்கு வாய் திறக்கமாட்டார்.

எங்கள் ஊர் உடப்பில் எங்கள் வலைக்கு அந்தத் துவாய் அப்பாவுடையதாக இருந்தது. பிறகு என்னுடையதானது. இப்போது மறுபடியும் அப்பாவிடம் இருக்கிறது. இடையில் எனக்கு நடந்த அநியாயத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவின் கால். கொஞ்ச நேரம் நின்றால் இடுப்புக்குக் கீழே பாரம் இறங்கும், கெண்டைக்கால் எரியும், பிறகு இரண்டு காலும் தன்னுடையது மாதிரியே இல்லை என்பார். உடனே மணலில் குந்திவிடுவார். குந்தி, முன்னால் குனிந்து இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். எழும்பி மறுபடி நின்றால் மறுபடி வரும். கோயிலில் தீபம் காட்டி முடிகிற வரைக்கும் அவரால் நிற்க முடியாது. எல்லாரும் கைகூப்பி நிற்க அப்பா மட்டும் கீழே இருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மனுஷன் சைக்கிளில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊரான முந்தல் வரைக்கும் மிதிப்பார். ஒரு வலியும் இல்லை. கைபிடியில் குனிந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கவும் செய்வார். சைக்கிள் இல்லாமல் கைவீசி நட என்றால் பத்து வீடு தாண்ட முடியாது. ஊர் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது.

"சைக்கிள் ஓட ஏலும், நிக்க ஏலாதாம். இதென்ன புது விதமான வருத்தம்?" என்று கயிற்றுக்காரர்கள் கேட்டார்கள்.

"எங்கட அப்பாவுக்குக் காலுக்குப் பதிலா சில்லு பூட்டியிருக்கு. உருட்டினா ஓடுவார், நிப்பாட்டினா விழுவார்" என்று நான் சொன்னேன்.

கடற்கரையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், குந்திக்கொண்டு.

அம்மா அவருடைய கெண்டைக்காலுக்கு எண்ணெய் போட்டாள். சிலாபத்தில் ஒருவர் கொடுத்த எண்ணெய், பிறகு புத்தளத்தில் ஒருவர் கொடுத்த எண்ணெய். வீடு முழுக்க வேப்பெண்ணெய் நாற்றம். முதுகை ஒருவரும் தொடவில்லை. முதுகு வலிக்கிறது என்று அவர் சொல்லவே இல்லையே, யார் தொடுவார்கள்?

வலை இழுக்கிறவர்களுக்கு நிற்காத துவாய்க்காரர் சரிவராது. குந்தியிருக்கிறவரின் துவாய் மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஒரு நாள் அவர் குந்திய நேரம் பார்த்துத் தெற்குப் பக்கம் முந்தி, வலை சரிந்து, கீரி மீன் கூட்டமாகப் போய்விட்டது. அப்பாவே எழும்பி வந்து துவாயை என் தோளில் போட்டார்.

"நீ நில்லு. நான் கயிறு சுத்துறன்."

கரைக்கு வருகிற கயிற்றை வட்டம் வட்டமாகச் சுற்றி அடுக்குவது உட்கார்ந்து, குனிந்து செய்கிற வேலை. அவருக்குச் சுகமான வேலை அதுதான். நான் நின்றேன். கயிறு இழுத்துக் கைத்தோல் உரிந்துகொண்டிருந்தவன், இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ராசா மாதிரி நின்றேன்.

பள்ளிக்கூடத்து ஓ எல் சோதனையில் கணக்கு என்னைத் தள்ளிவிட்ட பிறகு, ஒரு இடத்தில் நான் நிற்க மற்றவர்கள் என் சொல்லைக் கேட்டது அப்போதுதான். துவாயை நான் அப்பா மாதிரி வீசவில்லை. தலைக்கு மேல் சுழற்றுவேன், இடுப்பில் கட்டி ஆடுவேன், சோம்பேறியாக இழுப்பவனை நோக்கித் துவாயால் கும்பிடுவேன். மீன் வாங்க வந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மீனும் வந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இரண்டு பருவம் அந்தத் துவாய் என்னிடம் இருந்தது. அப்பா கீழே குனிந்து கயிறு சுற்றினார். வீட்டிலும் நான்தான் உயரம்.

இந்தச் சொர்க்கத்தில் மண்ணைப் போட்டவர் அத்தான். அக்காவின் புருஷன், கொழும்பில் வேன் ஓடுகிறவர். ஒரு சனிக்கிழமை வந்து, அப்பா வாசலுக்கும் கிணற்றுக்கும் இடையில் குந்துவதைப் பார்த்துவிட்டு, "மாமா, இது கால் இல்ல. என்ட முதலாளிக்கும் இப்பிடித்தான். இது முதுகு" என்றார்.

"முதுகு நோகேல்லயே, மருமகன்" என்றார் அப்பா.

"அவருக்கும் நோகேல்ல."

கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டர் சிங்களவர், அமைதியான மனுஷன், படத்தைத் திரையில் போட்டுப் பென்சிலால் காட்டினார். முதுகெலும்பின் நடுவால் நரம்புகள் இறங்குகிற வழி கீழ்ப்பக்கத்தில் ஒடுங்கிவிட்டதாம். எலும்பும் தடித்திருக்கிறதாம், அதை ஒட்டிய சவ்வும் தடித்திருக்கிறதாம். நிமிர்ந்து நிற்கும்போது அந்த இடம் இன்னும் நெருங்கி நரம்பை நெரிக்கிறது. குனிந்தால் கொஞ்சம் திறக்கிறது. சைக்கிளில் ஏன் வலி இல்லை என்பதற்கு ஆஸ்பத்திரியில் விடை இருந்தது. அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் என் சில்லுக் கதை செத்துப்போனது.

அப்பா தன் மீன்கடைச் சிங்களத்தில் டொக்டரிடம் சொன்னார்: முகத்துவாரத்தில் மணல் ஏறினால் உள்ளே தேங்குகிற களப்புத் தண்ணீர் கடலுக்குப் போகாது, அது மாதிரியா? டொக்டருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற இளம் டொக்டர்மாரிடம் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். பகிடி விடுகிறவன் எங்கள் வீட்டில் நான். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் அதிலும் அப்பா கை வைத்தார்.

"மணல எப்பிடி வெட்டுவீங்க?" என்று அப்பா கேட்டார்.

முன்பென்றால் முதுகை நீளமாகத் திறந்து தசையை விலக்கித்தான் செய்ய வேண்டுமாம். அப்பாவுக்குச் சின்னத் துளை போதும் என்றார். விரல் தடிப்பில் ஒரு குழாயைத் தசைகளுக்கு நடுவால் இறக்கி, அதற்குள்ளால் பெரிதாக்கிப் பார்த்து, நெரிக்கிற எலும்பையும் சவ்வையும் சுரண்டி எடுப்பது. ஒப்பரேஷன் செய்த அன்றைக்கோ மறுநாளோ எழும்பி நடக்கலாம். எல்லாருக்கும் முழுதாகச் சரிவரும் என்று சொல்ல மாட்டேன், விறைப்புப் போக நாள் எடுக்கலாம், ஆனால் நிற்க முடியும், நடக்க முடியும் என்றார்.

'நிற்க முடியும்' என்ற சொல் என் காதில் விழுந்த விதம் வேறு. அப்பா நடக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன். கோயிலுக்கு நடக்கட்டும், சந்தைக்கு நடக்கட்டும், கொழும்பு வரைக்கும் நடக்கட்டும். ஒரு இடத்தில் நிற்காமல் இருந்தால் போதும்.

ஒப்பரேஷன் அன்று வெளியே மர வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா வேண்டாத தெய்வம் இல்லை. நானும் வேண்டினேன், என்னவென்று கேட்காதீர்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தபோது அப்பா கண்ணைத் திறந்து, "கால் சுடேல்ல" என்றார். அம்மா அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது, பொய் சொல்லவில்லை. அது வடிந்து முடிவதற்குள் நேர்ஸ் காயத்தைக் காட்டினாள்.

காயமா அது! ஒரு சின்னப் பிளாஸ்டர். தீப்பெட்டியால் மூடிவிடலாம். களப்பில் மட்டி வெட்டி என் உள்ளங்காலில் இதைவிடப் பெரிய கிழிவு, ஆறு தையல் போட்டது. எனக்கு யாராவது தோடம்பழம் கொண்டுவந்தார்களா? அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் தோடம்பழமும் மால்ட் டின்னும் அடுக்கியிருந்தது.

மறுநாள் காலை நேர்ஸ் அவரை எழுப்பி நிறுத்தினாள். "கெலின், தாத்தே, கெலின்" என்றாள். நேராக, அப்பா, நேராக. நான் பக்கத்தில் கை கொடுக்க நின்றேன். அப்பா மெதுவாக எழும்பினார். எழும்பிக்கொண்டே இருந்தார். முடிகிற இடத்தில் அவருடைய காது என் காதுக்கு மேலே இருந்தது.

இத்தனை நாளும் குனிந்தே இருந்ததால் அவர் உயரத்தையே நான் மறந்துபோயிருந்தேன். என்னை மேலே இருந்து பார்த்து, "என்னடா கட்டையாப் போயிட்ட?" என்றார். நேர்ஸுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லவும் செய்தார். அவள் சிரித்தாள். நேர்ஸையும் சிரிக்கவைத்தாயிற்று.

வீட்டுக்கு விடுகிற நாள் டொக்டர் வந்து கட்டளைகளைச் சொன்னார். பாரம் தூக்கக்கூடாது. குனியக்கூடாது. இடுப்பைத் திருகக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். காயம் ஆறிய பிறகும் கயிறு இழுப்பதை மறந்துவிட வேண்டும். குந்தியிருந்து கயிறு சுற்றுகிற வேலையும் வேண்டாம்.

அப்பா முகம் துடைத்துத் தோளில் போட்டிருந்த துவாயை எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி, இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் மெதுவாக வீசிக்காட்டினார்.

"இது செய்யலாமா, டொக்டர் மஹத்தயா?"

டொக்டர் இது என்ன வேலை என்று கேட்டு அறிந்துகொண்டார். காயம் ஆறி இரண்டு மூன்று மாதம் போகட்டும், அதன் பிறகு இதைவிட நல்ல வேலை உங்களுக்கு இல்லை என்றார். நான் அப்போது அப்பாவின் முகம் கழுவிய தண்ணீர்ப் பேசினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். முன்பு அவரால் குனிய முடியும், நிற்க முடியாது. அதனால் நிற்கிற வேலை எனக்கு வந்தது. இப்போது நிற்க முடியும், குனியக்கூடாது. கடற்கரையில் இருக்கிற அத்தனை வேலையிலும் குனியாத வேலை ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழாய் அவருடைய முதுகில் இறங்கியதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். இறங்கியது என் சோற்றுக்குள்.

ஊருக்கு வந்ததும் வீடு திருவிழாவாகிவிட்டது. முதுகில் ஓட்டை போட்டு வந்த மனுஷனைப் பார்க்க வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் வந்தன. கதிரை போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கினோம். அப்பா கதிரையில் இருக்கமாட்டார். வாசலில் நின்றே கதைப்பார், நிற்பதைக் காட்டத்தானே வேண்டும். வந்தவர்கள் சட்டையைத் தூக்கச் சொல்வார்கள்.

"இவ்வளவுதானா?" என்பாள் ஒரு அத்தை.

"இவ்வளவுதான்" என்பார் அப்பா, என்னவோ அவரே தைத்துக்கொண்டது மாதிரி.

"அப்ப உள்ளுக்க எல்லாம் வெட்டினதா?"

"உள்ளுக்க வாய்க்கால் வெட்டின மாதிரி வெட்டினது. மேல பாத்தா ஒண்டும் தெரியாது."

நான் இடையில் புகுந்து, "அத்தை, அந்த ஓட்டையில காது வச்சுக் கேளுங்க, கடல் இரைச்சல் கேக்கும்" என்றேன். முன்பென்றால் அந்த அத்தை மூச்சு முட்டச் சிரித்திருப்பாள். அன்று, "சும்மா இரு தம்பி, வருத்தக்காரன் கதைக்கேக்க" என்றுவிட்டாள். இரண்டு வருஷமாக ஊரைச் சிரிக்கவைத்தவனை ஒரு தீப்பெட்டி அளவுப் பிளாஸ்டர் தோற்கடித்தது.

அப்பா காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் நடந்தார். முதலில் கோயில் வரைக்கும், பிறகு கடற்கரை வரைக்கும். கால்விரலில் மட்டும் கொஞ்சம் விறைப்பு இருந்தது. திரும்பி வரும்போது குந்தினாரா என்று நான் ஒவ்வொரு நாளும் அம்மாவிடம் கேட்டேன். பாசத்தில் கேட்கிறேன் என்று அம்மா நினைத்தாள். "இல்லடா ராசா, ஒரு இடத்திலயும் குந்தேல்ல" என்று தலையைத் தடவினாள்.

சோளகக் காற்று ஓய்ந்து மழை வந்தது, மழை விட்டுக் கடல் படுத்தது. வலை போடுகிற நாள் நெருங்கிய ஒரு மாலை, சம்மாட்டியார் கடற்கரையில் இருக்கிற தன் ஓலைக் கொட்டிலான வாடிக்கு எங்களைக் கூப்பிட்டார். பிளேன்டீ வந்தது. கயிற்றுக்காரர்கள் சுற்றி இருந்தார்கள். அப்பா வாடிக் கம்பில் கை வைத்து நின்றார். துவாய் என் தோளில் இருந்தது. அதை யாரும் பார்க்காத மாதிரி எல்லாரும் பார்த்தார்கள்.

"என்ன செய்வம்?" என்றார் சம்மாட்டியார்.

"குனிய ஏலாது. கயிறு ஏலாது. நிக்க ஏலும்" என்றார் அப்பா.

"பொடியன் நல்லாத்தானே செஞ்சான்?" என்று தெற்குக் கயிற்றில் முன்னால் நின்று இழுக்கிற ஒருவர் கேட்டார். அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

"செஞ்சான், செஞ்சான். பாதி நேரம் ஆடினான்" என்றார் வடக்குக் கயிற்றுக்காரர்.

"ஆடினாலும் மீன் வந்ததுதானே!" என்றேன் நான்.

"நீ ஆடாட்டி இன்னும் வந்திருக்கும்."

சம்மாட்டியார் பிளேன்டீயைக் குடித்து முடித்தார். "முதல் வலைக்கு அண்ணன் நிக்கட்டும். மடி கரை ஏறுற வரைக்கும் குந்தாம நிண்டா துவாய் அவருக்கு. இடையில குந்தினா துவாய் பொடியனுக்கு, பிறகு கதை இல்ல."

அப்பா என் பக்கம் கையை நீட்டினார். நான் துவாயைக் கொடுத்தேன். கொடுக்கும்போது கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று சொல்கிறார்கள். பிடிக்காமல்?

முதல் வலை அன்று வடக்குக் கயிற்றில் நடுவில் என்னைப் போட்டார்கள். இரண்டு பருவம் துவாய் பிடித்த கை பெண்பிள்ளையின் கை மாதிரி ஆகியிருந்தது. கயிறு பட்டதும் எரிந்தது. பக்கத்தில் இழுத்தவன், "என்னடா, துவாயால ஒத்தடம் குடுக்கட்டா?" என்றான். என் கண் முழுக்க நடு மணலில்.

அப்பா நின்றார். துவாய் இடது பக்கம் போனது, தெற்கு நின்றது. வலது பக்கம் போனது, நாங்கள் இழுத்தோம். அவருடைய வீச்சில் ஆட்டம் இல்லை, சுழற்றல் இல்லை. எனக்கு அதைப் பார்க்கவே கொட்டாவி வந்தது, ஆனால் கயிற்றுக்காரர்கள் அதற்குத்தான் காத்திருந்தவர்கள் மாதிரி இழுத்தார்கள். வெயில் ஏறியது. நீரோட்டம் தெற்கே இழுத்ததால் வலை வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சி. எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஒரு கட்டத்தில் அப்பாவின் இடது கை இடுப்புக்குப் போனது. பழைய நாளில் இடுப்புக்குக் கை போனால் அடுத்தது முழங்கால் மடியும். நான் கயிறு இழுப்பதையே மறந்துவிட்டேன், பின்னால் இருந்தவன் என் மேல் மோதினான். அப்பா இடுப்பில் நழுவிய சாரத்தை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி துவாயை எடுத்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்காதது. அப்பா தெற்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து வலைச்சிறகு, தண்ணீருக்கு அடியில் இருக்கிற பாறையை நோக்கிச் சரிவது மிதவைகளின் வளைவில் எனக்குத் தெரிந்தது. இரண்டு பருவம் நான் பார்த்துப் பழகிய இடம் அது. அவர் குனிந்து கயிறு சுற்றிய காலத்தில்தான் மணல் அள்ளுண்டு அந்தப் பாறை வெளிப்பட்டிருந்தது, அவருக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வலை கிழிந்திருக்கும், துவாய் அன்றைக்கே என் தோளுக்கு வந்திருக்கும். இந்தக் கணக்கையெல்லாம் நான் பிறகுதான் போட்டேன். அந்த நேரம் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"அப்பா! கல்லு! வடக்க தூக்குங்க, வடக்க!"

அப்பா திரும்பினார். கேட்டிருக்க முடியாது, என் கை ஆடியதைப் பார்த்திருப்பார். மிதவைகளை ஒரு தரம் பார்த்தார். துவாய் தலைக்கு மேலே போய் வடக்கே விழுந்தது. நாங்கள் கயிற்றோடு கரையோரமாக வடக்கே ஓடினோம். தெற்கு நின்றது. சிறகு பாறையைத் தொடாமல் வளைந்து வந்தது.

"துவாய்க்காரன் ஒருத்தனா ரெண்டு பேரா?" என்று பின்னால் யாரோ கத்தினான்.

"ஒருத்தருக்குத் துவாய், ஒருத்தனுக்கு வாய்" என்றான் இன்னொருவன்.

மடி கரை ஏறியது. சூடையும் சாளையும், நடுவில் சில பாரையும். பெரிய வலை என்று சொல்லமுடியாது, மோசமும் இல்லை. எல்லாரும் மடியைச் சுற்றி ஓடினார்கள். நான் ஓடவில்லை. அப்பா நின்ற இடத்தைப் பார்த்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய காலடியில் மணல் இரண்டு குழியாக இறங்கியிருந்தது. அந்தக் குழிகளுக்குப் பின்னால் உட்கார்ந்த தடம் ஏதாவது இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன், இல்லை.

சம்மாட்டியார் அவரிடம் போய், "அண்ணன், இனி இருங்க" என்றார்.

"ஏன் இருக்கோணும்?" என்றார் அப்பா. பிளேன்டீயையும் நின்றே குடித்தார். முகம் கோயிலில் தீபம் பார்க்கிறவரின் முகமாக இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அது வந்த வேகத்திலேயே, என் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து உப்புத்தண்ணீர் பட்டு எரிந்தது. நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேரில் உட்கார்ந்தவன் நான்தான்.

அப்பா என்னிடம் வந்தார். குனியக்கூடாது என்பதால் மேலே நின்றபடியே கதைத்தார்.

"அந்தக் கல்லு எப்ப வந்தது?"

"நீங்க கயிறு சுத்தேக்க."

"ம். நாளைக்கு வடக்குக் கயித்தில முன்னுக்கு நில்லு. கல்லுக் கிட்ட வரேக்க கையக் காட்டு."

"கையக் காட்டுறதுக்கு எனக்கு ஒரு துவாய் தந்தா நல்லா இருக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். தோளிலிருந்து துவாயை எடுத்தார். வியர்வையும் உப்பும் ஊறி அது கனத்திருந்தது. என் மடியில் போட்டார். ஒரு கணம் நான் அதை நம்பிவிட்டேன்.

"கழுவிக் காயப்போடு" என்றார். "கொம்மாவக் கேட்டு நல்ல சவர்க்காரம் வாங்கு."

கழுவினேன். வேலியில் காயப்போட்டு, காற்று அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். காய்ந்ததும் அவரே வந்தார், நடந்து, கை வீசிக்கொண்டு. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.